சாமை மாவில் ஓர் ஈப்போ அப்பம்

ஜவ்வாது மலை என்று ஒன்று இருப்பதே மலேசியாவில் ஈப்போவிலிருந்து புறப்படும்போது எனக்குத் தெரியாது. என் அக்கா லோகாவுக்கு வயிற்றில் ஓர் அறுவை சிகிச்சை. அதற்காக அக்கா, அத்தான், நான் மூன்று பேரும் வேலூருக்கு வந்திருந்தோம். எண்பதுகளின் தொடக்கம் அது. சிகிச்சை நல்லபடியாக முடிந்து அக்கா கட்டிலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசத் தொடங்கியிருந்தாள். அவளுக்குப் பேச்சுத்துணையாக வாய்த்தவள் பக்கத்துக் கட்டில் பொன்னி.

பொன்னிக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். ஜவ்வாது மலையிலிருந்து வந்தவள். அவளுக்கும் வயிற்றில் கட்டி எடுத்திருந்தார்கள். அறுவடை நேரம் என்பதால் புருஷன் கோவிந்தன் வாரம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு ஓடிவிடுவார். நான் சாப்பாட்டுத் தூக்கோடு போகும்போதெல்லாம் அவளுக்கும் சேர்த்தே கொண்டுபோவேன். இரண்டாம் நாளே என்னை “அண்ணா” என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

“அண்ணா, நீங்க அங்க இன்னா வேலை செய்றீங்க?” என்று ஒருநாள் கேட்டாள்.

ஈப்போவில் சனி, ஞாயிறு பசாரில் அப்பம் சுடுகிற தள்ளுவண்டி வைத்திருக்கிறேன் என்றேன். எங்கள் ஊர் அப்பம் வேறு. ஓரம் உயர்ந்த வட்டத் தட்டில் கோதுமை மாவைத் தடிப்பாக ஊற்றி, மேலே சர்க்கரையும் பொடித்த கடலையும் தூவி, வெந்ததும் பாதியாக மடித்துக் கொடுப்போம். ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு வந்து நின்று சுடச்சுட வாங்கித் தின்பார்கள். நான் கையால் மடித்துக் காட்டக் காட்ட, பொன்னி தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“ஆம்பளயா சுடறீங்க?”

“ஆமாம்மா. பதினாறு வருஷமா.”

“எங்க ஊர்ல வந்து சுட்டீங்கன்னா மலையே கூடிடும்.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம், மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று பொன்னியிடம் சொல்லிவிட்டார்கள். கோவிந்தன் அடுத்த வாரம்தான் வருவதாக இருந்தது. தானே பஸ் ஏறிப் போய்விடுவதாக அவள் சொன்னாள். அக்கா என்னைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து எனக்குப் பழக்கமான பார்வை அது.

“நீ கூடப் போய் விட்டுட்டு வா. சீட்டுல இங்கிலீஷ்ல என்னவோ எழுதிக் கொடுத்திருக்காங்க. அதை அவ புருஷன்கிட்ட படிச்சு, புரியிற மாதிரி எடுத்துச் சொல்லிட்டு வா. இந்தப் பொண்ணு போன மறுநாளே வேலையில இறங்கிடும்.”

சனிக்கிழமை விடியற்காலை புறப்பட்டோம். கண்ணமங்கலத்தில் பஸ் மாற வேண்டும். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரில் இருந்த ஓட்டலில் நுழைந்து, “பசியாற என்ன இருக்கு?” என்று கேட்டேன். எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறல் என்றுதான் பெயர். கடைக்காரர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். எத்தனை நாளாகப் பட்டினியோ என்று நினைத்திருப்பார். கேட்காமலே இலையில் ஆறு இட்லி வைத்து வடகறியை ஊற்றினார். அந்த வடகறிக்காக இன்னொரு தடவை கண்ணமங்கலம் போகலாம்.

வெறுங்கையோடு போகக்கூடாது என்று பக்கத்து மளிகைக் கடைக்குப் போனேன். “கச்சான் ஒரு கிலோ” என்றேன். கடைக்காரர் விழித்தார். கடலை என்றேன். பொட்டுக்கடலையை எடுத்தார். பொன்னி வெளியிலிருந்தே குரல் கொடுத்தாள்: “மல்லாட்ட குடுங்க, மல்லாட்ட!” சுற்றிலும் மூட்டை மூட்டையாக அந்த வேர்க்கடலைதான் இருந்தது. வெல்லமும் ஆப்ப சோடாவும் சேர்த்து வாங்கினேன்.

“சோடா எதுக்குணா?”

“நாளைக்கு ஞாயித்துக்கிழமை. ஞாயித்துக்கிழமை அப்பம் சுடாட்டி எனக்குக் கை அரிக்கும்.”

மலையேறும் பஸ் இரண்டாவது வளைவிலேயே புகைவிட்டு நின்றுவிட்டது. ஈப்போவில் என்றால் இந்நேரம் டிரைவரைப் பிடித்து நாலு பேர் கத்தியிருப்பார்கள். இங்கே எல்லாரும் அமைதியாக இறங்கி, மரத்தடியில் உட்கார்ந்து, தூக்குச்சட்டியைத் திறந்தார்கள். பஸ் இங்கே நிற்கும் என்று தெரிந்தே கட்டிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. எனக்குத்தான் நிலை கொள்ளவில்லை. பொன்னியின் முகம் வெளுத்திருந்தது. கேட்டால் “ஒன்னும் இல்லணா” என்கிறாள்.

ஒரு மணி நேரம் கழித்து லாரி ஒன்று வந்தது. தோல் பதனிடும் ஷாப்புக்குக் கடுக்காய் ஏற்ற வாணியம்பாடியிலிருந்து மேலே போகிற காலி லாரி. ஓட்டி வந்த பாயிடம் கை கூப்பி விஷயத்தைச் சொன்னேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. முன் சீட்டில் சாக்குகளை மடித்து மெத்தை போலப் போட்டு, பொன்னியை ஏறச் சொன்னார். பின்னால் நின்றிருந்த தன் ஆட்களிடம் உருதுவில் என்னவோ சத்தமாகச் சொன்னார். திட்டுகிறார் என்று நினைத்தேன்.

“இன்னிக்கு லாரி நடந்துதான் போகும், ராத்திரி ஆனாலும் யாரும் என்னைக் கேக்கக் கூடாதுன்னு சொன்னேன்” என்றார் என்னிடம். “தையல் போட்ட பொண்ணு பாருங்க.”

சொன்னபடியே செய்தார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் வண்டியை நிறுத்தி, மெல்ல இறக்கி, மெல்ல ஏற்றினார். எங்கள் கேமரன் மலைப் பாதையில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். தார் பூசிய நல்ல ரோடு அது. ஆனால் இவ்வளவு பத்திரமாக என்னை யாரும் கொண்டுபோனதில்லை. இறங்கும்போது பாய்க்கு என்ன கொடுப்பதென்று தெரியாமல் கடலைப் பொட்டலத்தை நீட்டினேன். ஒரு கைப்பிடி மட்டும் எடுத்துக்கொண்டார்.

அங்கிருந்து பொன்னியின் வீடு ஒற்றையடிப் பாதையில் கொஞ்ச தூரம். பத்தடிக்கு ஒருமுறை நின்று நின்று போனோம். இரண்டு பக்கமும் அறுத்த சாமைக் காடு. மலை என்றால் எனக்குத் தெரிந்தது ஈப்போவைச் சுற்றி நிற்கும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகள்தான், நேராக, முரட்டுத்தனமாக. இந்த மலை அப்படியில்லை. புளியமரமும் பலாவுமாக, மேடும் இறக்கமுமாக, ஊர் மாதிரியே இருந்தது.

கோவிந்தன் களத்தில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் கையில் இருந்த கதிர்க்கட்டைப் போட்டுவிட்டு நின்றார். ஓடி வரவில்லை. முகத்தில் சந்தோஷமும் இல்லை. “ஏன் இப்பவே அனுப்சிட்டாங்க?” என்றார். பொன்னி சிரித்தபடி, “நல்லாயிட்டேன், அனுப்சிட்டாங்க. இது நம்ம அண்ணன், மலேசியாவுல இருந்து வந்துக்கறாரு” என்றாள். அவர் எனக்குக் கும்பிடு போட்டார். “வாங்க மச்சான்” என்றார். பொன்னிக்கு நான் அண்ணன் என்றானதும் அவருக்கு மச்சானாகிவிட்டேன். அவ்வளவுதான், அதற்குப் பிறகு பேச்சில்லை. மனைவி திரும்பி வந்ததே பிடிக்காத ஆளோ என்று எனக்குச் சுருக்கென்றது.

பக்கத்து வீட்டுக் குப்பு சாமைச்சோறும் மொச்சைக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். கோவிந்தனின் பெரியப்பா மகன் மனைவி. அவருக்கு அண்ணி முறை. குரல் மலையின் அடுத்த பக்கத்துக்குக் கேட்கும். சாமைச்சோற்றை நான் அதுவரை தின்றதில்லை. அரிசிச்சோறு போல ஒட்டாமல், வாயில் மணல் மணலாகப் பிரிந்து, பிறகு இனித்தது. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டதும் பையிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்தேன். கோவிந்தன் சட்டென்று எழுந்தார்.

“இங்க வாணாம் மச்சான். வெளிய வாங்க.”

களத்தைத் தாண்டி ஒரு பாறைவரை என்னைக் கூட்டிப்போனார். திரும்பி வீட்டைப் பார்த்துக்கொண்டார். பிறகு குரலை இறக்கி, “அவ முன்னாடி படிக்காதீங்க. என்கிட்ட மட்டும் சொல்லுங்க. எத்தினி நாளு?” என்றார்.

எனக்குப் புரியவில்லை. “எத்தனை நாளுன்னா?”

“போன வருசம் இங்க ஒரு ஆளு. அவனையும் சொன்ன நாளைக்கு முன்னாடியே அனுப்சிட்டாங்க. இதே மாதிரிதான் காயிதம். யாருக்கும் படிக்கத் தெரியல. பத்து நாள்ல போய்ட்டான். அதுலயே எழுதியிருந்துதாம், இனிமே ஒன்னும் பண்றதுக்கு இல்லன்னு.” அவர் மறுபடியும் வீட்டுப் பக்கம் பார்த்தார். “இவளையும் முன்னாடியே அனுப்சிட்டாங்களே.”

மத்தியானத்திலிருந்து அந்த மனிதர் எதைச் சுமந்துகொண்டு நின்றார் என்று அப்போதுதான் தெரிந்தது. அவரைத் தப்பாக நினைத்ததற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. சீட்டை விரித்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். எடுத்தது சாதாரணக் கட்டி. பரிசோதித்துப் பார்த்ததில் கெடுதலாக எதுவும் இல்லை. காயம் சீக்கிரம் ஆறியதால்தான் சீக்கிரம் அனுப்பினார்கள்.

“இன்னொரு தபா படிங்க.”

படித்தேன். அவர் பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

பிறகு மிச்சத்தையும் சொன்னேன். ஆறு வாரத்துக்குக் கனம் தூக்கக்கூடாது. குனிந்து அழுத்திச் செய்கிற வேலை கூடாது. மீறினால் உள்தையல் விட்டுப்போகும், திரும்பவும் அறுக்க வேண்டிவரும்.

“ஒலக்கை?”

“தொடவே கூடாது.”

“ஏந்திரக்கல்லு?”

“அதுவும்தான். தண்ணிக்குடமும் கூடாது.”

அவர் யோசித்தார். “தண்ணி நான் தூக்கிக்குவேன். ஆனா ஆம்பள ஒலக்க புடிக்கிறது எங்க பக்கம் பழக்கமில்ல மச்சான். ஊரே சிரிக்கும். குப்பு அண்ணிய இடிச்சிக் குடுக்கச் சொல்றேன்.”

குப்புவும் சரி என்றாள். அந்த நிம்மதியில் நான் படுத்துத் தூங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை எழுப்பியது உலக்கைச் சத்தம். ஒரு வீட்டில் தொடங்கி, அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று பனிக்குள்ளிருந்து பொத் பொத்தென்று வந்தது. சாமையை அன்றன்றைக்கு இடித்து உமி நீக்கினால்தான் சோறு. கொஞ்சநேரம் சுகமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு சத்தம் மிகவும் பக்கத்தில் கேட்டது. எழுந்து ஓடினேன். வீட்டுக்குப் பின்னால் பொன்னி உரலில் உலக்கை போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கையால் வயிற்றைப் பிடித்திருந்தாள்.

“குப்பு அண்ணி வரலியா?”

“அவங்க காட்டுல இன்னிக்கு அறுப்பு, போய்ட்டாங்க. ஒரு படிதாணா. உங்களுக்கு அப்பத்துக்கு மாவு வாணாமா?”

எனக்கு வந்த கோபத்தில் உலக்கையைப் பிடுங்கிவிட்டேன். “நீ அந்தக் கல்லு மேல உட்கார். எழுந்திரிச்சா நான் இப்பவே பஸ் ஏறிடுவேன்.” வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானே இடிக்கத் தொடங்கினேன்.

பதினாறு வருஷம் மாவு கலக்கிய கை என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. பத்தாவது குத்தில் அது போய்விட்டது. உலக்கை உரலில் விழாமல் விளிம்பில் விழுந்தது. சாமை நாலாபக்கமும் தெறித்தது. கோழிகள் வந்து கூடின. அவற்றுக்குப் பின்னால் ஊர் கூடியது. மாடு ஓட்டிக்கொண்டு போனவர்கள் மாட்டோடு நின்றார்கள். “வெளிநாட்டு ஆளு ஒலக்க குத்தறாருடா” என்று யாரோ மேட்டுக்குச் செய்தி சொன்னார்கள். பொன்னி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சிரிக்காதே, தையல் விடும் என்று நான் கத்தினேன்.

அப்போதுதான் கோவிந்தன் தண்ணீர்க்குடத்தோடு மேடேறி வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குடத்தை வைத்துவிட்டு ஓடிவந்தார்.

“மச்சான், இன்னா இது? கீழ வைங்க!”

“ஏன்? உங்களுக்குப் பழக்கமில்ல. எனக்குப் பழக்கம்தானே?”

“நீங்க அவ அண்ணன் மச்சான். எங்க வூட்டுக்கு வந்து நீங்க ஒலக்க புடிச்சா எனக்கு இன்னா மரியாதை?”

கூட்டத்தில் ஒருவர், “அதான் கோவிந்தா, மச்சான கூப்ட்டு நல்லா விருந்து வைக்கிற” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உள்ளங்கையில் தோல் உரிந்துவிட்டிருந்தது. உண்மையில் யாராவது வாங்கிக்கொண்டால் போதும் என்றிருந்தது. ஆனாலும் விடவில்லை. “ஒன்னு நான் இடிக்கணும், இல்ல நீங்க இடிக்கணும். அவ இடிக்கக் கூடாது. நேத்து ரெண்டு தடவை படிச்சுச் சொன்னேன்” என்றேன்.

கோவிந்தன் பொன்னியைப் பார்த்தார். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். வயிற்றிலிருந்து கையை மட்டும் எடுக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு உலக்கையை என் கையிலிருந்து வாங்கினார்.

முதல் குத்திலேயே தெரிந்தது. பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம் அல்லவா, அவர் கைக்கு அது தானாக வந்தது. உமி பறந்தது. கொஞ்சநேரம் சிரிப்பு இருந்தது, பிறகு பார்க்க ஒன்றுமில்லை என்று ஆட்கள் கலைந்தார்கள். சிரித்தவரில் இரண்டு பேர் மட்டும் அப்பத்துக்காக நின்றுவிட்டார்கள். பொன்னி உட்கார்ந்த இடத்திலிருந்தே, “இன்னும் நாலு குத்து”, “இப்ப பொடைங்க”, “மொறத்த அப்படி ஆட்டாதீங்க, சாமியெல்லாம் கீழ போவுது” என்று உத்தரவு போட்டாள். சாமையைத்தான் சாமி என்றாள் என்று பிறகுதான் புரிந்தது. மாவு அரைக்கிற ஏந்திரக்கல்லில் நான் சாமையைப் போட, அவர் சுற்றினார்.

மாவு தயார். அதில் வெல்லக்கரைசலும் சோடாவும் இரண்டு முட்டையும் சேர்த்து, கம்பீரமாகக் கலக்கினேன். எங்கள் தட்டுக்கு ஓரம் உயர்ந்திருப்பதுபோல இங்கே மண்சட்டி இருந்தது. நல்லதாகப் போயிற்று என்று மாவை ஊற்றி மூடினேன். திறந்தால் அடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சுரண்டி நாய்க்குப் போட்டோம். இரண்டாவது வெந்தது, ஆனால் மடிக்கும்போது நடுவில் இரண்டாக உடைந்தது. கோதுமை மாவுக்கு இருக்கிற இழுப்பு சாமைக்கு இல்லை. என் முகம் சுருங்கியிருக்க வேண்டும்.

“அண்ணா, மாவுக்குப் புடிப்பு இல்ல” என்றாள் பொன்னி. “ராத்திரி சோறு கொஞ்சம் கீது. நல்லா கரைச்சி கஞ்சியா ஊத்துங்க.”

ஊற்றினேன். மூன்றாவது அப்பம் பொங்கி, மேலெல்லாம் கண் கண்ணாக விட்டு, ஓரம் சிவந்து வந்தது. வறுத்துப் பொடித்த மல்லாட்டையும் வெல்லமும் தூவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மடித்தேன். மடிந்தது!

மந்தாரை இலையில் வைத்து, கோவிந்தன் பாட்டிலிலிருந்து மலைத்தேனை மேலே ஊற்றினார். முதல் துண்டு பொன்னிக்கு. அவள் ஊதி ஊதி, கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். தேன் மணிக்கட்டுவரை வழிந்தது. “நான் ஒக்காந்துகினு, வேற ஆளு சுட்டுக் குடுத்துத் துன்றது இதாணா மொத தபா” என்றாள். கோவிந்தன் அடுப்புக்குள் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். கேட்டது என்று அவர் முதுகிலேயே தெரிந்தது. அடுத்த அப்பத்தையும் அவள் இலையிலேயே வைத்தார்.

கோதுமை அப்பத்தைவிட இது கரகரப்பு. கடலையும் தேனும் சேர்ந்தபோது ஒரு புகைவாசனை வேறு. என் வண்டியில் இப்படி ஒன்று வந்ததில்லை. பொழுது ஏறியபின் அறுப்பிலிருந்து வந்த குப்பு, தனக்கென்று எடுத்துவைத்திருந்ததை இரண்டே வாயில் முடித்துவிட்டு, “அடைதான இது? இதுக்கு எதுக்கு மலேசியா?” என்றாள். பிறகு இன்னும் இருக்கிறதா என்று சட்டியைத் திறந்து பார்த்தாள்.

திங்கட்கிழமை விடிவதற்கு முன்னால் மறுபடியும் உலக்கைச் சத்தம் கேட்டது. பதறி எழுந்தேன். பொன்னி போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். உரலை வீட்டுக்குள் உருட்டிவந்து, கதவையும் சாத்திக்கொண்டு, மங்கலான வெளிச்சத்தில் கோவிந்தன் இடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சத்தம் போடாதீர்கள் என்று சைகை காட்டினார். திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அக்காவுக்கென்று பொன்னி தேன் பாட்டிலும் ஒரு பை சாமையும் கட்டிக்கொடுத்தாள். ஆறு வாரம் கழித்துக் காட்டப் போகவேண்டிய தேதியை நான் கதவில் கரியால் எழுதிவைத்தேன். பஸ் நிற்கும் இடம்வரை கோவிந்தன் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வழியில் கேட்டேன்.

“கதவைச் சாத்திக்கிட்டு இடிக்கிறீங்க. சத்தம் வெளியே கேட்குமே?”

“கேக்கட்டும் மச்சான். எல்லா வூட்லயும்தான் கேக்குது. சத்தத்துல பேரா எழுதியிருக்குது?”

பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் பையை என்னிடம் கொடுத்துவிட்டு, நின்ற இடத்தில் நிற்காமல் வந்த வழியையே திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

“தப்பா நெனைக்காதீங்க மச்சான், பஸ்ஸு வர்ற வரைக்கும் நிக்க முடியாது. நான் போறதுக்குள்ள அவ கொடத்த தூக்கிடுவா.”

கும்பிட்டுவிட்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கினார். முதலில் வேகமாக நடந்தார். வளைவைத் தாண்டும்போது ஓடிக்கொண்டிருந்தார்.